மேல் டிவிஷன் சோறு

என் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டியின் உடம்பின் மேல் முதலில் விழுந்த துணி சங்கத்தின் சிவப்புக் கொடி. எங்கள் சனத்தில் அப்படி வழக்கமில்லை. புருஷன் செத்தால் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி வரவேண்டும். அதற்குக் கோடி என்று பெயர். கோடி விழாமல் பிணத்தைத் தூக்கமாட்டார்கள். எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது ஒரே ஒரு அண்ணன், அழகுமலை. அந்த அண்ணன்தான் என் வீட்டுக்காரரைக் கொன்றுவிட்டான் என்று பெரட்டுக்களத்தில் மைக் கட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரட்டுக்களம் என்றால் காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி ஆள் கணக்கு எடுக்கும் இடம். அன்றைக்கு அங்கே வேலை வேறு.

களத்துக்கு எதிரே எங்கள் லயத்து வரிசை வீடுகளின் திண்ணையில், நான் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுரு பூமாரி, அழுதுரு" என்று கெஞ்சினாள். எங்கிருந்து அழுவது? உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்தது. மற்ற இடங்களும் அப்படித்தான் இருந்தன.

எங்கள் தோட்டம் வண்டிப்பெரியாருக்கு மேலே இருக்கிறது. மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு. நடுவில் ஒரு சரிவு, அதில் சில்வர் ஓக் மரங்கள். நாங்கள் கீழே. அண்ணனும் முதலில் கீழேதான் இருந்தான். சிலோனிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பிய சனத்தில் கொஞ்சம் பேர் மேல் டிவிஷனுக்கு வேலைக்கு வந்தார்கள். அதில் தெய்வானை என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அண்ணன் மேலே போய்விட்டான். அந்தச் சனத்தை நீலக் கொடி சங்கம் சேர்த்துக்கொண்டது. அண்ணனும் நீலக் கொடி ஆனான். கொள்கையாவது கத்தரிக்காயாவது. மாமனார் எந்தச் சங்கமோ மருமகனும் அந்தச் சங்கம், அவ்வளவுதான்.

எங்கள் சிவப்புக் கொடித் தலைவர் கோட்டயத்திலிருந்து ஜீப்பில் வருவார். மலையாளம் கலந்த தமிழில் நன்றாகப் பேசுவார், கேட்கிறவர்களுக்கு உடம்பு சூடேறும். கூலி ஏன் ஏறவில்லை? சிலோன்காரன் வந்து உங்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்டான், அதனால். மேல் டிவிஷனில் நீலக் கொடித் தலைவர் பேசுவார். கீழே இருப்பவர்கள் உங்களை மறுபடியும் கப்பலேற்றப் பார்க்கிறார்கள், விட்டுவிடாதீர்கள். தோட்டத்துத் துரையைக் கேட்டால் லண்டனில் தேயிலை விலை இறங்கிவிட்டது என்பார். டவுனில் கடை வைத்திருக்கும் மலையாளிகளுக்கோ மேல், கீழ் என்றெல்லாம் இல்லை, நாங்கள் எல்லோருமே பாண்டிக்காரர்கள். நான் சிலோனையும் பார்த்ததில்லை, லண்டனையும் பார்த்ததில்லை. என் வீட்டில் அடுப்பு எரியாததற்கு இரண்டும் காரணம் என்றார்கள். தெய்வானை சிலோனிலும் தேயிலைக் கொழுந்துதான் கிள்ளினாள். அவள் கிள்ளியதும் நான் கிள்ளியதும் ஒரே லண்டனுக்குத்தான் போயிருக்கும். மைக்கில் அதைச் சொன்னால் கைதட்ட ஆள் கிடைக்காது.

எங்கள் லயத்தில் சங்கத்தை நடத்துகிறவர் இன்னாசிராஜ். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது என் வீட்டுக்காரருக்கு அடுத்த வரிசையில் நிற்பவர். கெட்ட மனுஷன் இல்லை, தலைவர் பேசியதை அப்படியே விழுங்கிவிடுகிறவர். மேல் டிவிஷன்காரர்கள் வீட்டில் ஒருத்தரும் கை நனைக்கக் கூடாது என்று கூட்டம் போட்டு முடிவெடுத்தார். கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. எங்கள் சனத்தில் அது சாதாரணக் காரியமில்லை. ஆகாத வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். கை நனைத்துவிட்டால் பகை முடிந்தது என்று அர்த்தம், பிறகு பேச்சை எடுக்கக்கூடாது. அதிலும் கொலைப்பழி உள்ள வீட்டுச் சோற்றைச் செத்தவனின் உறவு தொடவே தொடாது. அதனால்தான் இன்னாசிராஜ் வேறெதையும் விட்டுவிட்டுச் சோற்றுக்குத் தடை போட்டார். அதோடு என் பிறந்த வீட்டுக்குப் போக்குவரத்து நின்றது.

ஆனால் என் வீட்டுக்காரரும் அண்ணனும் சரிவில் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள். பீடிக்குச் சங்கம் தடை போடவில்லை.

அந்த ஆடி மாதம் இரண்டு சங்கமும் தனித்தனியாக வேலைநிறுத்தம் செய்தன. கோரிக்கை ஒன்றுதான், கூட்டம்தான் வேறு. வேலைநிறுத்தம் என்றதும் தோட்டத்தில் கொடுக்கிற விறகை நிறுத்திவிட்டார்கள். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மழை விடாமல் பெய்தது. தேயிலைச் செடிக்குள் பொறுக்கிய சுள்ளி பற்றவே இல்லை. முந்தின நாள் சரிவில் இரண்டு கொடிக்காரர்களும் கல்லெறிந்துகொண்டார்கள். நாலைந்து மண்டை உடைந்தது.

மறுநாள் காலையில் நான்தான் சொன்னேன், "அடுப்புக்கு ஒரு குச்சி இல்ல. அரிசிய அப்படியே மெல்லவா?"

"சத்தம் போடாத, கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுக் கவாத்துக் கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அந்தச் சரிவில் ஒரு மரத்தில் பட்டுப்போன கொம்புகள் இருந்தன. கட்டுவதற்குக் கயிறு எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். நான் போய்ச் சேரும்போது கீழே ஒரு சுமை விறகு விழுந்து கிடந்தது. அவர் மேலே நின்று கடைசிக் கொம்பை வெட்டிக்கொண்டிருந்தார். "போதும், எறங்குங்க" என்றேன். இறங்கக் காலை மாற்றி வைத்தார். மழையில் ஊறிய மரம். வழுக்கியது. கீழே பாறை. அவ்வளவுதான்.

நான் போட்ட கூப்பாட்டுக்கு இன்னாசிராஜும் ஆட்களும் ஓடிவந்தார்கள். தலையில் இருந்த காயத்தைப் பார்த்தார்கள். நின்ற இடத்தைப் பார்த்தார்கள், மேல் டிவிஷன் எல்லை. அங்கே முந்தின நாள் எறிந்த கற்கள் அப்படியே கிடந்தன. அப்புறம் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"விழுந்துட்டாருண்ணே. வெறகு வெட்டயில விழுந்துட்டாரு" என்றேன்.

"உனக்குப் புத்தி கலங்கிப்போச்சு பூமாரி. ஒங்கண்ணன் ஆளுங்க அடிச்சிருக்காங்க. அண்ணனக் காட்டிக்குடுக்க மனசு வரல ஒனக்கு" என்றார் இன்னாசிராஜ். பிணத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். விறகு அங்கேயே கிடந்தது. பிணத்தின் பின்னால் போகிறவள் விறகைப் பற்றி நினைப்பாளா?

கீழே வந்தும் சொன்னேன். வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கடைசியில் இன்னாசிராஜ் சலித்துப்போய், "சரி, வெறகு வெட்டப் போனான்னே வச்சுக்குவோம். வெறகு எங்க?" என்று இரண்டு பேரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். போனவர்கள் திரும்பி வந்து கையை விரித்தார்கள். மரத்தடியில் ஒரு குச்சிகூட இல்லையாம். மரத்தில் ஏறி வெட்டுவாயைப் பார்க்கவும் முடியவில்லையாம், மேகம் இறங்கி மேல்கொம்பே தெரியவில்லையாம். அதன்பிறகு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். விறகைப் பார்த்தேனா இல்லையா என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது. மழைக்காலக் காலையில் ஒன்றும் நிச்சயமாகத் தெரிவதில்லை.

மத்தியானத்துக்கு மேல் தலைவரின் ஜீப் வந்தது. பின்னாலேயே போலீஸ் ஜீப். எஸ்.ஐ. இறங்கி அண்ணன் எங்கே என்று விசாரித்தார். அண்ணன் மேல் டிவிஷனில் இல்லை, செடிக்குள் எங்கோ ஒளிந்துகொண்டான் என்றார்கள். ஒளிந்தவன்தானே குற்றவாளி என்றார்கள். எங்கள் ஆட்கள் கவாத்துக் கத்தியும் கம்புமாகப் பெரட்டுக்களத்தில் சேர்ந்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் மேல் டிவிஷனுக்குப் போவது என்று பேச்சு. அங்கே அண்ணன் கிடைக்காவிட்டால் வேறு யாராவது கிடைப்பார்கள். எனக்கு அது காதில் விழுந்தது. இருக்கிற ஒரே அண்ணனையும் இழக்கப்போகிறோம் என்று புரிந்தது. புரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "சகோதரி பயப்படண்டா! கருத்தப்பாண்டி சாகவில்லை. நம்முடைய ரத்தத்தில் ஜீவிக்கிறான். இனி இந்தச் சகோதரிக்குக் கூடப்பிறந்தவன் அந்தக் கொலைகாரனல்ல. நம்முடைய சங்கம்! இந்தச் சிவந்த கொடிதான் இவளுடைய பிறந்த வீடு!"

கைதட்டல் நின்றதும் சுருளியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து தலைவரிடம் போனாள். அவளுக்குப் பசி வந்தால் தலைவரும் ஒன்றுதான், தபால்காரரும் ஒன்றுதான்.

"ரொம்ப சந்தோசம்யா. அப்ப பொறந்த வீட்டுச் சோறு எப்ப வரும்?"

"என்ன சோறு?" என்றார் தலைவர்.

"எழவு விழுந்த லயத்துல அடுப்பு பத்தவைக்க மாட்டோம்யா. பொறந்த வீட்டுலதான் ஆக்கிக் கொண்டாரணும், பொணத்த எடுத்ததும் அததான் எல்லாரும் திங்கணும். கோடி போட்டது நீங்க. அப்ப சோறும் நீங்கதான போடணும்? புள்ளைங்க காலையிலேருந்து பட்டினி கெடக்குதுக."

தலைவர் இன்னாசிராஜைப் பார்த்தார். இன்னாசிராஜ் தரையைப் பார்த்தார். வழக்கம் அவருக்குத் தெரியும், அவசரத்தில் கொடியைப் போர்த்திவிட்டார். "அதெல்லாம் ஏற்பாடு செய்யாம்" என்று மலையாளத்தில் ஒப்புக்கொண்டுவிட்டுத் தலைவர் மறுபடி மைக்குக்குப் போனார். ஏற்பாடு என்ன ஏற்பாடு? ஜீப்பில் நோட்டீஸ்தான் இருந்தது.

அப்போதுதான் சரிவிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் தெய்வானை. தலையில் சோற்றுப் பானை, கக்கத்தில் மடிப்புக் கலையாத வேட்டி. பின்னால் மேல் டிவிஷன் பெண்கள், ஆளுக்கொரு பாத்திரம். ஆண்பிள்ளை ஒருத்தரும் கூட வரவில்லை. மழை அவர்கள் மேல் கொட்டியது.

எங்கள் ஆட்கள் கம்பைக் குறுக்கே நீட்டி மறித்தார்கள்.

"நாத்தனாருக்குக் கோடி கொண்டாந்திருக்கேன், சோறு கொண்டாந்திருக்கேன். எறக்கி வச்சுட்டுப் போயிடுறேன்" என்றாள் தெய்வானை.

"கொலகார வீட்டுச் சோறு! ஒருத்தரும் தொடக்கூடாது!" என்று இன்னாசிராஜ் கத்தினார்.

யாரும் தொடவில்லை. பசித்த பிள்ளைகள் பானையையே பார்த்துக்கொண்டிருந்தன. தெய்வானை மழையில் நின்றுகொண்டே இருந்தாள். திரும்பிப் போகவும் தெரியாமல், பானையை இறக்கவும் தெரியாமல்.

எனக்கு அந்த நேரத்தில் வீரம் ஒன்றும் வரவில்லை. அண்ணன் மேல் பாசம் பொங்கியது என்றும் சொல்லமாட்டேன். ஒன்றுமே பொங்கவில்லை. காலையிலிருந்து வாயால் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை, வாய்க்கு வேறு வேலையும் உண்டே என்று மட்டும் தோன்றியது. மரத்துப்போன காலை ஊன்றி எழுந்தேன். கம்புகளை விலக்கிக்கொண்டு போய்த் தெய்வானையின் தலையிலிருந்து பானையை வாங்கினேன். சூடாக இருந்தது. கொண்டுவந்து பிணத்தின் பக்கத்தில் வைத்து, தட்டில் ஒரு கை அள்ளிப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"அடியே, பொணம் கெடக்கையிலயா?" என்று சுருளியம்மாள் அலறினாள்.

பிணத்தை எடுக்காமல் பெண்டாட்டி சாப்பிடுவது எங்களில் கிடையாது. கேட்டதுகூடக் கிடையாது. நான் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. சோறா மண்ணா என்று தெரியவில்லை. விழுங்கினேன், மறுபடி அள்ளினேன்.

மைக்கில் மட்டும் சத்தம் இருந்தது. தலைவர் ரத்தத்துக்கு ரத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே நின்றவர்கள் அவர் பக்கம் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாலி அறுக்கப்போகிறவள், செத்தவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழகுமலை வீட்டில் கை நனைத்துவிட்டாள். அந்த வீட்டில் கொலை இல்லை என்று அதற்குமேல் யார் வந்து சொல்லவேண்டும்? தலைவருக்கு அது விளங்கவில்லை. பசிக்குத் தின்கிறாள் என்று நினைத்திருப்பார். எங்கள் சனத்தில் சின்னப்பிள்ளைக்கும் விளங்கியது.

சுருளியம்மாள் கொஞ்சநேரம் என்னையே பார்த்தாள். பிறகு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் போடு தெய்வானை" என்றாள். பிள்ளைகள் ஓடிவந்தன. பெண்கள் வந்தார்கள். கம்பைச் சுவரில் சாத்திவிட்டு ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், தெய்வானையின் முகத்தைப் பார்க்காமல் தட்டை மட்டும் நீட்டினார்கள். இன்னாசிராஜ் கடைசிவரை சாப்பிடவில்லை. வழிமறிக்கவும் இல்லை. கொஞ்சநேரம் கழித்து அவரே போய் மைக்கை அணைத்தார்.

எஸ்.ஐ. புகார் எழுதிக்கொள்ள என்னிடம் வந்தார். "அழகுமலை பேரில் பராதி உண்டா?"

"பராதி இல்ல சார். வெறகு வெட்டயில மரத்துலேருந்து விழுந்தாரு."

காலையிலிருந்து அதையேதான் சொல்கிறேன். அப்போதுதான் முதல்முறையாக நாலு பேர் "ஆமா சார், ஆமா சார்" என்றார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் விறகு இல்லை என்று கையை விரித்தவர்கள். எஸ்.ஐ. எழுதிக்கொண்டு போனார். தலைவரும் ஜீப்பில் ஏறினார். போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார், என் கையில் சோறு இருந்ததால் நான் கும்பிடவில்லை.

தெய்வானை அண்ணன் சார்பில் கோடியைப் போர்த்தினாள். கொடியை எடுக்கச் சொல்லவில்லை, அதன் மேலேயே போர்த்திவிட்டாள். பிணத்தைத் தூக்கும்போது அண்ணன் செடிக்குள்ளிருந்து நனைந்துபோய் வந்தான். இன்னாசிராஜ் தான் பிடித்திருந்த பாடையின் முன்கொம்பில் அண்ணனுக்கு இடம் விட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு தூக்கிப்போனார்கள்.

குழிக்குள் இறக்குமுன் மேலே கிடக்கும் துணியெல்லாம் குழி வெட்டுகிற பிச்சைமணிக்குச் சேரும். அதுவும் வழக்கம். வேட்டியோடு கொடியையும் அவர் மடித்து எடுத்துக்கொண்டாராம். நல்ல கெட்டித் துணி என்றாராம்.

இதனால் சங்கம் ஒன்றாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். இன்றைக்கும் கொடி இரண்டுதான். வேலைநிறுத்தத்தைத் தலைவர்கள் இருவரும் டவுனில் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடித்து முடித்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். கை நனைக்கிற தடை மட்டும் அன்றோடு போயிற்று. போட்ட இன்னாசிராஜும் எடுத்ததாகச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் தெய்வானை குழாயடியில் பானையைக் கழுவ உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"மதினி, ஒங்க அடுப்புக்கும்தான் வெறகு இல்லயே. இம்புட்டுச் சோறு எதுல ஆக்குனீங்க?"

தெய்வானை தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஒங்கண்ணன் கொண்டாந்தாரு புள்ள. சேதி கேட்டதும் அந்த எடத்துக்குத்தான் ஓடுனாரு. அதுக்குள்ள நீங்க தூக்கிட்டுப் போய்ட்டீங்க. மரத்தடியில வெறகு கெடந்துச்சாம். மச்சானுக்கு நம்ம வீட்டுச் சோறு போகாம இருக்கக்கூடாது, வேற எதுல ஆக்குறதுன்னு சொமந்துகிட்டு வந்து போட்டாரு. போட்டுட்டு அந்தப் பக்கம் உக்காந்து அழுதாரு. போலீசு வருதுன்னதும் நாங்கதான் செடிக்குள்ள தள்ளிவிட்டோம்."

விறகு எங்கே என்று காலையில் எல்லோரும் கேட்டார்கள். தன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணனே அடுப்பில் வைத்திருக்கிறான். மச்சான் சாவுக்குச் சோறு ஆக்குவதுதான் அவனுக்கு முதலில் தோன்றியிருக்கிறது. தான் தப்பிப்பது தோன்றவில்லை.

தெய்வானை கழுவப்போன பானையைப் பிடுங்கினேன். அடியில் கொஞ்சம் சோறு ஒட்டியிருந்தது. சுரண்டி வாயில் போட்டேன். இந்தத் தடவை ருசி தெரிந்தது. உப்புக் குறைவு, ஈர விறகின் புகை வாடை. அங்கேயே குழாயடியில் உட்கார்ந்து, காலையிலிருந்து வராத அழுகையெல்லாம் சேர்த்து அழுதேன். சுருளியம்மாள் ஓடிவந்து என்ன என்ன என்று கேட்டாள்.

காலையில் நான் அவரிடம் விறகுதான் கேட்டேன். எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.